ஒரு டன் எரிபொருள்

விமானிகள் அறைச் சுவரில் அந்தப் பட்டியலை ஒட்டி ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒட்டியவர் யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை. வெறும் பட்டியல்தான். பயணக் கணக்குப்படி வேண்டிய எரிபொருளுக்கு மேல் எந்தக் கேப்டன் எத்தனை கிலோ கேட்டு வாங்கினார் என்று மாதாமாதம் வரிசை போட்டிருக்கும். குறைவாகக் கேட்டவர் பெயர் மேலே, பச்சையில். நிறையக் கேட்ட பத்துப் பேர் கீழே, சிவப்பில். குறைத்துக்கொள் என்று ஒரு வரி கிடையாது. எழுத்தில் கொடுக்காத உத்தரவுதான் உத்தரவுகளிலேயே கெட்டது. அதன்படி நடக்காவிட்டால் தண்டனை உண்டு. நடந்து ஏதாவது ஆகிவிட்டால் பழி நடந்தவன் தலையில்.

ஐந்து மாதமும் சிவப்பில் கடைசியாக நின்ற ஆளை எல்லோரும் 'ஒரு டன்' என்றுதான் சொன்னார்கள். முகத்துக்கு நேரே கேப்டன், முதுகுக்குப் பின்னால் ஒரு டன். வெயிலோ மழையோ, எந்த ஊருக்குப் போனாலும் எரிபொருள் வண்டிக்காரரிடம் "கணக்குக்கு மேல ஒரு டன் போடுங்க" என்பார். ஒரு டன் என்றால் ஆகாயத்தில் இருபத்தைந்து நிமிஷம். இறங்க வழியில்லாமல் சுற்றும்போது கையில் இருபத்தைந்து நிமிஷம் இருக்கிறவன் யோசிக்கலாம். இல்லாதவன் ஓடத்தான் வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் அந்த ஒரு டன் பெரும்பாலும் சும்மா போய்ச் சும்மா வந்தது. சும்மா சுமந்தாலும் சுமக்கிறதுக்கே கொஞ்சம் எரியும். அது வீண் செலவு என்று பட்டியல் போட்டவர் கணக்குக் காட்டியதில் பொய் இல்லை. பொய் சொல்லாமல் கழுத்தறுக்கிறதைத்தான் சிலர் படிப்பு என்கிறார்கள்.

பட்டியல் போட்டவர் இயக்க மேலாளர். பெயர் என்னவாக இருந்தாலும், ஊழியர்கள் வாயில் அவர் 'கத்திரி'. வந்த முதல் மாதம் கைதுடைக்கும் துணியை வெட்டினார். அடுத்து காபியோடு கொடுத்த பிஸ்கட். அடுத்து குடிதண்ணீர், இனிமேல் விலைக்குத்தான். அப்புறம் நாற்காலிகளை நெருக்கி இரண்டு வரிசை கூட்டினார். "இறக்கை ரெண்டு இருக்கே, ஒண்ணு போதாதான்னு கேட்டாலும் கேட்பாரு" என்று பழுதுபார்க்கும் பட்டறையில் சிரித்துக்கொண்டார்கள். ஒரு டன் அந்தச் சிரிப்பில் சேர்ந்ததில்லை. கத்திரி அவருடைய மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

அன்று காலை ஆறரை மணிக்கு ஒரு டன், கையில் பையும் தலையில் தொப்பியுமாக அறைக்குள் நுழைந்தபோது, கத்திரி பட்டியலுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

"அத்தான், ஒரு நிமிஷம்."

ஆபீசில் கேப்டன், வீட்டில் அத்தான், அதுதான் வழக்கம். ஆபீசில் அத்தான் என்று கூப்பிட்டால் எதையோ வெட்டப்போகிறான் என்று அர்த்தம்.

"சொல்லு மாப்ள."

"நாளைக்கு ஒப்பந்தக் கமிட்டி உட்காருது. உங்க ரெண்டு வருஷ நீட்டிப்பு அதுலதான் வருது. சிவப்புல இருக்கிறவங்களுக்குக் கிடையாதுன்னு மேல பேசிக்கிறாங்க."

"மேலன்னா யாரு? நீதானே?"

"எனக்கும் மேல இருக்காங்க அத்தான். இந்த மாசம் நீங்க முட்டிவலின்னு பத்து நாள் லீவு போட்டீங்க பாருங்க, அதுல தப்பிச்சிருக்கீங்க. சிவப்புக்கு வெளிய ஒரு கால் வச்சாச்சு. இன்னைக்கு மாசக் கடைசி. ஒரே ஒரு பயணம் பாக்கி."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. தகவல் சொன்னேன்."

"கம்மியாப் போடுங்கன்னு வாயைத் திறந்து சொல்லேன்."

"ஐயையோ, நான் எப்படிச் சொல்வேன்? எவ்வளவு போடணும்ங்கிறது கேப்டன் உரிமை. அதுல யாரும் கைவைக்க முடியாது." இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். "அக்கா நேத்து போன்ல அழுதுச்சு. அதான் சொல்லணும்னு தோணுச்சு."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் மனைவி அழுதது நிஜம். நீட்டிப்பு இல்லையென்றால் அடுத்த மாதமே சீருடையைக் கழற்ற வேண்டும். கழற்றிவிட்டு என்ன செய்வது? ஐம்பத்தெட்டு வயசில் அவருக்கு விமானம் ஓட்டுவதைத் தவிர ஒரு வேலையும் தெரியாது. வீட்டில் ஒரு பல்பு போனால்கூட மனைவிதான் நாற்காலி போட்டு ஏறுவாள். முட்டிவலிக்காக இருந்த பத்து நாளில் பதினோரு சண்டை. "வானத்துல நூத்தியெழுபது பேரை அடக்கி உட்கார வைக்கிற மனுஷனுக்கு ஒரு சோபால உட்காரத் தெரியல" என்று அவளே சொல்லிவிட்டாள்.

பையை எடுத்துக்கொண்டு விமானத்துக்கு நடந்தார்.

வாசலில் தலைமைப் பணிப்பெண் நின்றிருந்தாள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். மேலாளர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "சார், நூத்தியெழுபத்து நாலு பேரு. தண்ணி பாட்டில் நாப்பத்தெட்டு. எல்லாம் விக்கிறதுக்கு. நாக்கு வறண்டா சண்டை போடுவாங்கன்னு நானும் எழுதி எழுதிக் கொடுத்துட்டேன். கிணத்துல போட்ட கல்லு."

"ஒண்ணரை மணி நேரந்தானேக்கா. சமாளிங்க."

சொன்ன பிறகுதான் அது கத்திரி பேசுகிற பேச்சு என்று அவருக்குப் பட்டது.

விமானி அறையில் துணை விமானி கணக்குத் தாளைப் பிரித்து வைத்திருந்தாள். சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண். எதற்கும் விதிமுறைப் புத்தகத்தில் பக்கம் எண் சொல்வாள், அதனால் வக்கீலம்மா.

"போய்ச் சேர்ற இடத்துல காலையில மூடுபனி சார். எட்டரைக்குள்ள விலகிடும்னு போட்டிருக்கான். நாம எட்டே முக்காலுக்கு அங்கே."

"பார்த்தேன்."

எரிபொருள் வண்டிக்காரர் படியேறி வந்து தலையை நீட்டினார். சீட்டில் ஏற்கனவே 'ஒரு டன்' என்று எழுதியே கொண்டுவந்திருந்தார். அத்தனை வருஷப் பழக்கம்.

"அதை அடிச்சுடுங்க. கணக்குப்படி போதும்."

"என்ன கேப்டன்?"

"காது கேட்கலயா? கணக்குப்படி போதும்னேன்."

வண்டிக்காரர் அவரையும் பார்த்தார், வக்கீலம்மாவையும் பார்த்தார். பேனாவால் ஒரு கோடு கிழித்துவிட்டு இறங்கிப் போனார்.

"மூடுபனி இருக்கே சார். எக்ஸ்ட்ரா வேண்டாமா?" என்றாள் அவள், தாளைப் பார்த்தபடியே.

"எட்டரைக்கு விலகிடும்னு நீதானேம்மா சொன்ன."

"நான் சொல்லல சார். தாள் சொல்லுது."

"அப்ப தாளை நம்புவோம்."

அதற்குமேல் அவள் வாயைத் திறக்கவில்லை. வேலை நிரந்தரமாக இன்னும் அரை வருஷம் இருக்கிறவள் எத்தனை தடவைதான் கேட்பாள்? அவரே தாளில் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் கத்திரியும் இல்லை, கமிட்டியும் இல்லை. பேனா பிடித்தது அவர் கை.

மேலே ஏறி நேராகப் பறக்க ஆரம்பித்ததும் மற்ற நாளில் ஒரு காபி குடிப்பார். அன்று குடிக்கவில்லை. எரிபொருள் முள்ளைப் பார்ப்பதும், கடிகாரத்தைப் பார்ப்பதும், மறுபடி முள்ளைப் பார்ப்பதுமாக இருந்தார். இடது முட்டி தானாக ஆடியது. கையால் அழுத்திப் பிடித்தார். கையை எடுத்ததும் மறுபடி ஆடியது.

எட்டே முக்காலுக்குப் போய்ப் பார்த்தால், கீழே பால் கொட்டின மாதிரி வெள்ளை. ஓடுபாதையும் இல்லை, ஊரும் இல்லை. ஒரு கோபுர உச்சி மட்டும் ஆணி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. விலகிக்கொண்டுதான் இருக்கிறது, காத்திருங்கள் என்றார் கட்டுப்பாட்டு அறைக்காரர்.

"எவ்வளவு நேரம் நிக்கலாம்?"

வக்கீலம்மா ஏற்கனவே போட்டு வைத்திருந்தாள். "ஒன்பது நிமிஷம் சார். அதுக்கப்புறம் மாற்று விமான நிலையத்துக்குக் கிளம்பியாகணும்."

ஒன்பது நிமிஷம். இரண்டு வட்டம். ஆயிரம் அடி மேலே வேறொரு கம்பெனி விமானமும் சுற்றிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று கட்டுப்பாட்டு அறை கேட்டதற்கு அந்தக் கேப்டன் கொட்டாவி விடுகிற குரலில் "நாப்பது நிமிஷம், அவசரமில்ல" என்றார். அவசரமில்லை என்று ஒருத்தர் சொல்வதைக் கேட்டு வயிறு எரிந்தது ஒரு டன்னுக்கு அன்றுதான் முதல் தடவை. நேற்று வரை அது அவர் பேசுகிற பேச்சு.

எட்டாவது நிமிஷம் வெள்ளையில் சின்னதாக ஒரு கிழிசல். ஓடுபாதை விளக்கு இரண்டு தெரிந்து மறைந்தது. இன்னும் ஒரு வட்டம் போட்டால் திறந்துவிடும் என்று கண் சொன்னது. முள் கூடாது என்றது.

"கிளம்புறோம்" என்றார்.

மாற்று நிலையம் முப்பத்தைந்து நிமிஷத் தூரம். பாதி வழியில் ரேடியோவில் கேட்டது, பனி விலகிவிட்டது, அந்த இன்னொரு விமானம் இறங்கிவிட்டது. அவர்கள் கிளம்பிப் பன்னிரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

மாற்று நிலையத்தில் ஏற்கனவே கூட்டம். வரிசையில் மூன்றாவது, பத்து நிமிஷம் சுற்றச் சொன்னார்கள். அவர் வாழ்நாளில் சொல்லாத ஒன்றைச் சொன்னார்: "எங்ககிட்ட இருக்கிறது குறைந்தபட்ச எரிபொருள். சுத்த முடியாது." அப்புறம் முன்னால் இருந்த இரண்டு விமானத்தையும் ஒதுக்கி வழி விட்டார்கள்.

சக்கரம் தரையைத் தொட்டபோது முப்பத்தாறு நிமிஷத்துக்கு எரிபொருள் மிச்சம். சட்டம் கேட்பது முப்பது. சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிப் பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது.

ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார்கள். படி வரவில்லை, பஸ்ஸும் வரவில்லை. அந்த ஊரில் கம்பெனிக்கு ஆள் கிடையாது, போன வருஷமே வெட்டியாகிவிட்டது. அரை மணி நேரத்தில் பணிப்பெண் அக்கா கதவைத் தட்டினாள்.

"சார், தண்ணி கேட்கிறாங்க. கைக்குழந்தைக்குப் பால் கரைக்கணும்னு ஒரு அம்மா. காசு வாங்குற மெஷின் வேலை செய்யல. என்ன பண்ண?"

"சும்மா கொடுங்க."

"என் சம்பளத்துல பிடிப்பாங்க."

"கேப்டன் சொன்னாருன்னு எழுதுங்க. குழந்தை, வயசானவங்க முதல்ல. மத்தவங்களுக்கு ஆளுக்கு அரைக் கோப்பை."

"கோப்பையை எப்பவோ நிறுத்தியாச்சு சார்" என்றாள் அக்கா. "மூடியில ஊத்திக் கொடுக்கிறேன்."

அதற்குள் போன் அடித்தது. கத்திரி.

"அத்தான், நல்லபடியா இறங்கிட்டீங்க, சந்தோஷம். அறிக்கையில வானிலை காரணமாத் திருப்பிவிடப்பட்டதுன்னு போட்டுடுங்க. முடிஞ்சுபோச்சு."

"இன்னொருத்தன் இறங்கிட்டானே மாப்ள."

"அது அவங்க அதிர்ஷ்டம். பனி இருந்துச்சா இல்லையா? இருந்துச்சு. அப்ப வானிலைதானே? பொய் ஒண்ணுமில்லையே. வேற எதையாவது எழுதினா ஏன் கூடுதலா எடுக்கலன்னு உங்களைத்தான் கேட்பாங்க. என்னைக் கேட்க மாட்டாங்க. நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். சாயங்காலம் நானே பட்டியலைப் போடுறேன், நீங்க சிவப்புல இல்ல."

சரி என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. சொல்லவில்லை, கேபினில் சத்தம் கூடியிருந்தது. போனை வைத்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

நூற்றியெழுபத்து நாலு முகம் திரும்பியது. முதல் வரிசையிலேயே ஒருவர் போனைத் தூக்கிக் காட்டினார். "என் தம்பி வேற விமானத்துல வந்தான். இறங்கி, பல்லு விளக்கி, டிபனும் சாப்பிட்டுட்டான். நாம ஏன் இங்க வெந்துகிட்டு இருக்கோம்?"

"வானிலை..." என்று ஆரம்பித்தார்.

"அவனுக்கு மட்டும் தனி வானமா?"

சிரித்தார்கள். சந்தோஷச் சிரிப்பு இல்லை. நடுவில் ஒரு இளம்பெண் எழுந்து நின்றாள். மடியில் வைத்திருந்த ஃபைலை மார்போடு பிடித்திருந்தாள்.

"எனக்குப் பத்து மணிக்கு வேலைக்கான நேர்காணல் சார். போச்சு. உங்ககிட்ட எதுவும் தாங்கன்னு கேட்கல. ஏன் வரலன்னு அவங்ககிட்டக் காட்ட ஒரு சீட்டு வேணும். வானிலைன்னு எழுதினா நம்ப மாட்டாங்க, ஏன்னா அதே நேர்காணலுக்கு வர வேண்டிய இன்னொருத்தி அந்த விமானத்துல போய் உட்கார்ந்துட்டா. நிஜமா என்ன நடந்துச்சு? அதை எழுதித் தாங்க."

சரியான பதில் ஒன்று அவருக்கு மனப்பாடம். கம்பெனி அட்டையில் அச்சடித்தே கொடுத்திருந்தார்கள்: தங்கள் பொறுமைக்கு நன்றி. அதை அவர் சொல்லவில்லை.

"காத்திருக்க என்கிட்ட எரிபொருள் இல்லம்மா" என்றார். "ஆபத்து எதுவும் இல்ல. சட்டப்படி எவ்வளவு வேணுமோ அவ்வளவு இருந்துச்சு. எப்பவும் கொஞ்சம் கூடுதலா எடுப்பேன். இன்னைக்கு எடுக்கல. எடுத்திருந்தா அந்த விமானத்துக்கு முன்னாடியே இறங்கியிருப்போம்."

"ஏன் எடுக்கல?"

"எடுத்தா என் பேரு சிவப்புல வரும்."

யாருக்கும் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. எடுக்கவில்லை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. அப்புறம் அரை மணி நேரம் அவர் அங்கேயே நின்று திட்டு வாங்கினார். எங்கள் உயிர் உனக்கு விளையாட்டா என்று ஒரு அம்மா அழுதாள். இரண்டு பேர் படம் பிடித்தார்கள். தம்பிக்காரர் மட்டும் கடைசியில், "இவ்வளவையும் நின்னு கேட்கிறானே, இவன் யாருய்யா" என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார்.

உள்ளே வந்து அறிக்கையை எடுத்தார். 'காரணம்' என்று ஒரு கட்டம். வானிலை என்று அங்கே எழுதினால் நாளைக்கு நீட்டிப்பு. ஒரே சொல். இரண்டு வருஷம். வானிலை என்பது பொய் இல்லை, அதுதான் அதில் இருந்த கண்ணி. அப்புறம் எழுதினார்: 'மூடுபனி. காத்திருக்கக் கூடுதல் எரிபொருள் இல்லை. கேப்டனாகிய நான் கேட்கவில்லை. சுவரில் ஒட்டும் பட்டியலுக்கும், ஒப்பந்த நீட்டிப்புக்கும் பயந்து கேட்கவில்லை. தப்பு என்னுடையது. பட்டியல் உங்களுடையது.'

வக்கீலம்மா எட்டிப் படித்தாள். "கடைசி வரி அறிக்கைப் படிவத்துல அனுமதி இல்ல சார்."

"எத்தனாம் பக்கம்?"

முதல் தடவையாகச் சிரித்தாள். பேனாவை வாங்கி, கீழே அவளும் ஒரு வரி எழுதினாள்: 'காலையில் ஒரு முறை கேட்டேன். இரண்டாம் முறை கேட்டிருக்க வேண்டும்.'

"உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு? இன்னும் வேலை நிரந்தரம் ஆகல."

"உங்களுக்கும்தான் ஆகல" என்றாள்.

கம்பெனிக்கு ஒன்று, விமானத் துறை பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒன்று என்று படம் எடுத்து அனுப்பினார்கள். பத்து நிமிஷத்தில் கத்திரி கூப்பிட்டான். இப்போது அத்தான் இல்லை.

"கேப்டன், நீங்க விசாரணை முடியற வரைக்கும் விமானம் ஓட்டக் கூடாது. வேற கேப்டனை அனுப்புறோம். அவரு கொண்டுவருவாரு. நீங்க பயணியா வாங்க."

"கமிட்டி?"

"எந்தக் கமிட்டி?" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அடுத்து மனைவி. "தம்பி கத்தினான். நீங்க குடும்பத்தையே எழுதிக் கொடுத்துட்டீங்களாம்."

"பட்டியலை எழுதினேன். குடும்பத்தை எழுதல."

"நானும் கத்திட்டேன்."

"யாரைப் பார்த்து?"

"முதல்ல அவனை. அக்கா புருஷனைப் பயங்காட்டி வேலை வாங்குவியாடான்னு. உங்களுக்கு வீட்டுக்கு வந்ததும் இருக்கு. அவன் பயங்காட்டினா பயந்துடறதா? காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா இல்லையா?"

இரண்டு மணி நேரம் கழித்து மாற்றுக் கேப்டன் வந்தார். சின்ன வயசு. கைகுலுக்கும்போது கண்ணைப் பார்க்கவில்லை. ஒரு டன் தன் பையை எடுத்துக்கொண்டு கேபினுக்கு நடந்தார். கடைசி வரிசையில் ஊழியருக்கான நடு இருக்கைதான் காலி. கத்திரி நெருக்கிக் கூட்டிய இரண்டு வரிசையில் அது ஒன்று. முட்டி முன் இருக்கையில் இடித்தது. ஆட்டக்கூட இடம் இல்லை.

பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்த ஃபைல் பெண் வந்து நின்றாள்.

"சீட்டு சார்."

மறந்தே போயிருந்தார். கம்பெனித் தாள் எதுவும் கையில் இல்லை. அவள் ஃபைலில் இருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவிக் கொடுத்தாள். முட்டியின் மேல் வைத்து எழுதினார். இந்தப் பெண் தாமதமானதற்கு விமானத்தில் போதிய எரிபொருள் எடுக்காததே காரணம், அதற்கு நான் பொறுப்பு, அந்த நாளின் கேப்டன் என்று கையெழுத்தும் தேதியும். அவள் இரண்டு தடவை படித்தாள். "முத்திரை இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றார். பரவாயில்லை என்று மடித்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த வரிசையில் இருந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடுங்க. என் முதலாளி நம்பவே மாட்டான்." அதற்குப் பின்னால் தம்பிக்காரர். "எனக்கு முதலாளி இல்ல, பொண்டாட்டி. இருந்தாலும் கொடுங்க." அதற்குப் பின்னால் இன்னொருவர், இன்னொருவர். நடைபாதையில் வரிசை நின்றுவிட்டது. தாள் இல்லாதவர்கள் பயணச் சீட்டின் பின்பக்கத்தை நீட்டினார்கள். ஒருவர் வாந்தி எடுக்கும் காகிதப் பையை நீட்டினார். எல்லாவற்றிலும் அதே இரண்டு வரி. தப்பு என்னுடையது என்று ஒரு தடவை எழுதுவது கஷ்டம். இருபது தடவை எழுதியும் லேசாகவில்லை, கைதான் வலித்தது.

அக்கா முன்னால் இருந்து இடித்துக்கொண்டு வந்தாள். "சார், கதவைச் சாத்தணும். புதுக் கேப்டன் கோவிச்சுக்கிறாரு. எல்லாரையும் உட்காரச் சொல்லுங்க."

"நான் சொல்லக் கூடாதுக்கா. நான் பயணி."

"நான் சொன்னா கேட்க மாட்டேங்கிறாங்க."

"இன்னும் எத்தனை பேரு?"

அவள் எட்டிப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள். பாதியில் விட்டுவிட்டாள். ஒலிபெருக்கியில் புதுக் கேப்டனின் குரல் கேட்டது, பயணிகள் தயவுசெய்து உட்காரவும். யாரும் உட்காரவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த அம்மா பயணச் சீட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஒரு டன் பேனாவை உதறினார். மை நின்றுவிட்டிருந்தது.

"யாராவது ஒரு பேனா கொடுங்கப்பா" என்றார்.